பண்டமாரானில் வீடு வாங்கும் முன்: பட்டாவையும் தரையையும் படியுங்கள்

கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கும் பண்டமாரானில் வீடு தேடும் நம்மவர்கள் இன்று பலர். துறைமுகத்திலும் புலாவ் இண்டா தீவின் வெஸ்ட்போர்ட்ஸிலும் கிடங்குகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பக்கம். ஸ்ரீ பெட்டாலிங் வரை போகும் கெசாஸ் நெடுஞ்சாலை இங்கேதான் தொடங்குகிறது. கம்போங் ராஜா ஊடா, தெலுக் காடோங் கொமுட்டர் நிலையங்கள் தொலைவில் இல்லை. தீபாவளிச் சாமான் வாங்க தெங்கு கிளானா சாலை, உடம்புக்கு முடியாவிட்டால் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கிள்ளானின் தமிழ்ப்பள்ளிகள். குடும்பம் நடத்தத் தேவையான எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. கோலாலம்பூரோடு ஒப்பிட்டால் விலையும் நம் சம்பளத்துக்கு எட்டுகிற அளவில் இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் பண்டமாரானில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் இருக்கும் நிலம் ஒரே வகையாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தெருவில் நிரந்தர உரிமை நிலம் இருக்கலாம், அடுத்ததில் குத்தகை, அதற்கப்பால் வெறும் உரிமத்தின் பேரில் குடியிருக்கும் நிலம். சுவரில் அடித்த சாயத்தைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வீட்டைப் பார்க்கும் முன் பட்டாவைப் பாருங்கள். பட்டாவைப் பார்த்த பிறகு வீட்டின் கூரையையும் சமையலறையையும் விட, அது நிற்கும் தரையைப் பாருங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்.

நிலம் ஏன் இப்படிக் கலந்து கிடக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறிக் குடியிருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பண்டமாரான் அப்படி உருவானது. செலாங்கூரின் பெரிய புதுக்கிராமங்களில் ஒன்று. புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டவர்களுக்கு எடுத்த எடுப்பில் பட்டா கிடைக்கவில்லை. பொதுவாகத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம்தான் முதலில் வந்தது. குறுகிய காலக் குத்தகை பின்னால் வந்தது, நீண்ட குத்தகை அதற்கும் பின்னால். புதுக்கிராமத்தைச் சுற்றித் தாமான்களும் அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தது அதற்கப்புறம். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து விதிப்படி நிலம் பெற்றது.

நம் மக்களின் கதை வேறு. கிள்ளான் வட்டாரத்துத் தமிழரில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். லயம் கம்பெனியின் சொத்து. வேலை இருக்கும் வரைதான் கூரை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு நம்மவர்கள் வெளியேற நேர்ந்தது. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டியவர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பட்டாவில் தன் பெயர் இருப்பது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. அந்தப் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் இன்றைய தலைமுறை 35 ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடுவதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை.

பட்டாவைப் படிப்பது

தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர் கிரயப் பத்திரம் பார்ப்பார், வில்லங்கச் சான்று எடுப்பார், வருவாய்த் துறையில் பட்டா மாற்றுவார். மூன்றும் தனித்தனி. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்யுமே தவிர, விற்பவர்தான் உண்மையான உரிமையாளர் என்று உறுதி சொல்லாது. மலேசியாவில் நடைமுறை வேறு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டாரன்ஸ் முறையை நம் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் பின்பற்றுகிறது. நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். கையில் எத்தனை ஒப்பந்தம், எத்தனை ரசீது இருந்தாலும் பதிவேட்டில் பெயர் ஏறாத வரை நிலம் உங்களுடையதல்ல.

அதனால் முதல் வேலை, நில அலுவலகத்தில் ‘காரியான்’ எனப்படும் தேடுதல். கிள்ளான் மாவட்ட நில அலுவலகத்திலோ ஷா ஆலாமில் உள்ள செலாங்கூர் நில, கனிம அலுவலகத்திலோ எடுக்கலாம். எவ்வகைப் பட்டா என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும். கட்டணம் சிறிது. உரிமையாளரின் அனுமதி தேவையில்லை, பட்டா எண்ணும் லாட் எண்ணும் இருந்தால் போதும். அந்த எண்களைக் கொடுக்கத் தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

வரும் தாளில் நான்கு இடங்களை நிதானமாகப் படியுங்கள்.

பட்டாவின் வகை முதலில் வரும். ‘கெரான்’ அல்லது ‘கெரான் முக்கிம்’ என்றிருந்தால் நிரந்தர உரிமை. காலம் என்ற இடத்தில் ‘செலாமா-லாமாஞா’ என்றிருக்கும். ‘பஜாக்கான் நெகிரி’ அல்லது ‘பஜாக்கான் முக்கிம்’ என்றால் குத்தகை, முடியும் தேதி போட்டிருக்கும். எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்று தொடங்கினால் அது அளவை முடியாத தற்காலிகப் பட்டா. அதுவும் செல்லும், ஆனால் நிலத்தின் பரப்பு பின்னால் சற்றுக் கூடலாம், குறையலாம்.

அடுத்தது குத்தகையில் மிச்சமிருக்கும் ஆண்டுகள். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். “பிரீஹோல்ட் மாதிரிதாண்ணே, முடிஞ்சா புதுப்பிச்சுக்கலாம்” என்று முகவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். 99 ஆண்டில் 45 ஆண்டு கழிந்துவிட்ட நிலமும் புதிய 99 ஆண்டு நிலமும் ஒரே விலைக்குப் போக முடியாது. மிச்சக் காலம் குறையக் குறையப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும், கடன் தந்தாலும் தவணைக் காலத்தைச் சுருக்கும். நீங்கள் விற்கப் போகும்போது அடுத்தவருக்கும் இதே சிக்கல் வரும். நீட்டிக்க முடியும் என்பது உண்மை; ஆனால் முடிவு மாநில அரசின் கையில் இருக்கிறது, அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்காக, முதலில் 1,000 வெள்ளி மட்டும் கட்டி நீட்டிக்கும் சலுகையைச் செலாங்கூர் அரசு கொண்டுவந்தது. அப்படி நீட்டித்த நிலத்தை விற்கும்போது மீதிப் பிரீமியத்தைக் கட்ட வேண்டி வரும். பழைய குத்தகை வீட்டை வாங்கும்போது, இந்தச் சலுகையில் நீட்டித்ததா, மீதியை யார் கட்டுவது என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ‘செக்காத்தான் கெப்பெந்திஙான்’, அதாவது உரிமைக் கட்டுப்பாடு. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று குத்தகை நிலங்களில் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகும். பூமிபுத்ரா லாட் என்றால் நாம் வாங்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை நம்மால் வாங்கவே முடியாது. யார் பெயரிலாவது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர் உங்கள் பணத்தை ஆற்றில் போடச் சொல்கிறார்.

நான்காவது, நிலத்தின் மேல் ஏறியிருக்கும் பதிவுகள். வங்கி அடமானம் இருந்தால் தெரியும், வேறு யாராவது போட்ட ‘கவியட்’ எனப்படும் தடை இருந்தாலும் தெரியும். கவியட் இருக்கும் வரை பெயர் மாற்றம் நடக்காது. நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் உங்கள் வக்கீல் உங்கள் பெயரில் ஒரு தனியார் கவியட் பதிவு செய்ய வேண்டும். அது 6 ஆண்டு செல்லும். அதற்குள் விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க முயன்றால் அந்தத் தடை குறுக்கே நிற்கும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

போலிக் கையெழுத்தால் நிலம் பறிபோகும் பயம் பலருக்கு உண்டு. 2000இல் அடோர்னா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால், ஏமாற்றுக்காரரிடம் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கே நிலம் போய், உண்மையான உரிமையாளர் தெருவில் நிற்கும் நிலை வந்தது. 2010இல் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று மாற்றி எழுதியது. போலி ஆவணத்தின் வழியே நேரடியாகப் பெயர் ஏற்றிக்கொண்டவருக்கு, அவர் அறியாமல் வாங்கியிருந்தாலும், இன்று பாதுகாப்பில்லை. ஆகவே உரிமையாளர் வராமல், ‘சூராட் கூவாசா வக்கில்’ எனப்படும் அதிகாரப் பத்திரத்தோடு மட்டும் ஒருவர் விற்க வந்தால் வாங்குபவர்தான் இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும். உரிமையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

உரிமத்தில் நிற்கும் வீடுகள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கம்போங் பகுதிகளிலும் பழைய குடியேற்றங்களிலும் அடிமாட்டு விலைக்கு வீடு வரும். விசாரித்தால் ‘எல்.பி.எஸ்.’ நிலம் என்பார்கள். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்து, புதுப்பித்தால் மட்டுமே தொடரும். சட்டப்படி அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு முத்திரை குத்திய கடிதத்தைக் கொடுத்து, “வீடு உங்களுக்குத்தான்” என்பார்கள். அந்தக் கடிதம் பணம் கைமாறியதற்குச் சான்று. நிலத்தின் மேல் அது எந்த உரிமையும் தராது. நாளை அரசு அந்த நிலத்தை வேறு தேவைக்கு எடுத்தால், மாற்று வீட்டுக்கான பட்டியலில் இருப்பது உரிமம் பெற்றவரின் பெயராகத்தான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே லாட்டில் இரண்டு வீடு கட்டி, பின் வீட்டை மட்டும் விற்பார்கள். லாட் சட்டப்படி பிரிக்கப்படாமல் இருந்தால் நீங்கள் வாங்குவது மொத்த நிலத்தில் ஒரு பங்கைத்தான். பின் வீடு என்று தனியாக ஒன்று பதிவேட்டில் கிடையாது. நாளை முழு நிலத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ முயன்றால், ஒவ்வொரு முறையும் முன் வீட்டுக்காரரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள்ளேயே இது வழக்கில் முடிகிறது.

மலிவு விலை அடுக்குமாடி என்றால் வேறொரு அனுமதி. அத்தகைய வீடுகளைக் கைமாற்ற செலாங்கூர் வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். வாங்குபவரும் வருமானம் உள்ளிட்ட தகுதிகளுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டண நிலுவை எவ்வளவு என்று நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். மின்தூக்கி ஓடுகிறதா, தண்ணீர்த் தொட்டி கழுவப்படுகிறதா, படிக்கட்டில் விளக்கு எரிகிறதா என்று ஒரு மாலை நடந்து பாருங்கள். அந்தக் குழுவிடம் காசு இருக்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தரையும் தண்ணீரும்

பட்டா சரி என்றான பிறகு மண்ணுக்கு வருவோம். கிள்ளான் கடலோரச் சமவெளி. அடியில் இருப்பது இளகிய கடற்களிமண். முறையாகக் கட்டிய வீட்டின் தூண்கள் ஆழமான பைலிங் மேல் நிற்கும், அது அசையாது. ஆனால் பின்னால் உரிமையாளர் கூட்டிக் கட்டிய சமையலறைக்கும் முன்னால் போட்ட கார் நிறுத்தத் தரைக்கும் பெரும்பாலும் பைலிங் இருக்காது. மண் மெல்ல அமுங்கும்போது அவை தனியாகக் கீழே இறங்கும். வீடு பார்க்கப் போனால் நேராகப் பின்பக்கம் போய், பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் நில்லுங்கள். அங்கே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கூட்டிக் கட்டிய பகுதி வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதிதாகச் சிமெண்ட் பூசி அதை மறைத்திருந்தால் பூச்சின் நிறம் வேறாக இருக்கும். தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டுப் பாருங்கள். வெளிச்சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே மண் விலகி இடைவெளி தெரிந்தால் அடிக்குழாய்களும் இழுபட்டிருக்கக்கூடும். அந்தச் சமையலறைக்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். 2024இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளான் மன்றம், அனுமதியில்லாத கட்டடத்தை இடிக்கச் சொன்னால் பொறுப்பு அன்றைய உரிமையாளரான உங்களுடையது.

தண்ணீர் அதைவிடப் பெரிய விஷயம். போர்ட் கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் மிக அதிகம். பெரிய ஏற்றத்தில் துறைமுக நீர்மட்ட அளவுகோல் 5 மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் கடல்நீர் உள்ளே வராமலிருக்க வடிகால் மதகுகளை மூடிவிடுவார்கள். மூடியிருக்கும்போது கனமழை பெய்தால் ஊருக்குள் விழுந்த நீர் வெளியே போக வழியில்லாமல் தெருவில் நிற்கும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்; ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உயிர் பிழைத்தார்கள். அந்த அளவு மழை அபூர்வம். ஆனால் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தாலே மரச்சாமான், மின்கம்பி, கார் எல்லாவற்றுக்கும் செலவு வைக்கும்.

ஆகவே வீட்டை வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காலண்டரில் பௌர்ணமி பார்த்து, ஏற்ற நேரத்துக்குப் போய் வீட்டு முன் கால்வாயைப் பாருங்கள். நீர் விளிம்பு வரை நிற்கிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். ஒரு முறை மழை மாலையிலும் போங்கள். பக்கத்து வீட்டு மின்சாரப் பிளக்குகள் தரையிலிருந்து வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தால், ஏன் என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். எதிர்வீட்டு ஆச்சியும் மூலைக்கடைக்காரரும் சொல்லும் வெள்ளக் கதையை எந்த விளம்பரத்திலும் படிக்க முடியாது.

லாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான கொள்கலன் அலகுகளைக் கையாளும் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. அவற்றில் கப்பலுக்குக் கப்பல் மாறுபவை போக மிச்சம் நம் சாலைகளில்தான் போகின்றன. பெரிய சாலையை ஒட்டிய வரிசை என்றால் விலை குறைவாகத் தெரியும். சத்தமும் தூசியும் பள்ளிக்கூட நேரத்துப் பயமும் அதற்குள் அடக்கம். “எல்.ஆர்.டி. வருது” என்ற பேச்சையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஷா ஆலாம் தடம் ஜாலான் மேரு, தாமான் செலாத்தான், ஸ்ரீ அண்டாலாஸ், பண்டார் போட்டானிக் வழியாக ஜோகான் செத்தியாவுக்குப் போகிறது. பண்டமாரானுக்குள் நுழையவில்லை.

கையிருப்பு எவ்வளவு வேண்டும்

4,00,000 வெள்ளி விலையுள்ள ஒரு பழைய தரை வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு வீடுகளுக்கு வங்கி 90 விழுக்காடு வரை கடன் தரும். 40,000 உங்கள் கையிலிருந்து. அதில் 2 அல்லது 3 விழுக்காட்டை வாக்குப் பணமாகவும் மீதியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும் கொடுப்பது வழக்கம். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 1,00,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 4,00,000 வரை 2 விழுக்காடு. இந்த வீட்டுக்கு 7,000. கடன் பத்திர முத்திரை அரை விழுக்காடு, 1,800. வக்கீல் கட்டணம் 2023 ஆணைப்படி முதல் 5,00,000க்கு 1.25 விழுக்காடு. வாங்கும் ஒப்பந்தத்துக்கு 5,000, கடன் பத்திரத்துக்கு 4,500. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. மதிப்பீட்டாளர் கட்டணமும் சேர்ந்தால் கூடுதல் செலவு 20,000ஐத் தொடும். ஆக 60,000 வெள்ளி இல்லாமல் இறங்க வேண்டாம். 5,00,000க்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2021 முதல் நடப்பில் இருந்து வருகிறது. நீங்கள் கையெழுத்திடும் நாளுக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகே கைக்கு வரும்.

மாதத் தவணையையும் பார்த்துவிடுவோம். 3,60,000 கடன், 4 விழுக்காடு வட்டி என்று வைத்தால் 35 ஆண்டுக்கு மாதம் சுமார் 1,594 வெள்ளி. 30 ஆண்டுக்குச் சுமார் 1,719. வித்தியாசம் மாதம் 125 வெள்ளிதான். ஆனால் 35 ஆண்டில் மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 6,69,000. 30 ஆண்டில் 6,19,000. தவணை குறைவு என்பதற்காக நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்பவர் 50,000 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறார். முடிந்தவரை குறுகிய காலத்தை எடுங்கள். இதற்கு மேல் ஆண்டுதோறும் நில அலுவலகத்துக்கு நிலவரி, ஆண்டுக்கு இரு முறை மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி.

பணத்தை எப்போதும் வக்கீல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தின் கணக்கிலோ போடுங்கள். முகவரின் சொந்தக் கணக்கில் ஒரு வெள்ளியும் வேண்டாம். முகவரின் அட்டையில் பதிவு எண் இருக்கும், அதை முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். விற்பவருடைய வக்கீலையே நீங்களும் வைத்துக்கொண்டால் செலவு குறையும் என்பார்கள். உங்களுக்கென்று ஒருவர் இருக்கட்டும்.

‘லெலோங்’ எனப்படும் ஏல வீடுகள் விலையில் கவர்ச்சியானவை. ஏலத்தில் 10 விழுக்காடு வங்கி வரைவோலையோடு போக வேண்டும். மீதியை நில அலுவலகம் அல்லது உயர்நீதிமன்ற ஏலத்தில் 120 நாளுக்குள், தனிப்பட்டா வராத வீடுகளின் ஏலத்தில் பெரும்பாலும் 90 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் 10 விழுக்காடும் போய்விடும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவது உங்கள் பொறுப்பு. முதல் வீடு வாங்குபவருக்கு இந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து.

கடலுக்கு அப்பால்

இந்தோனேசியாவில் சொத்து வாங்கலாமா என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் மேடான் நகரில் கம்போங் மெட்ராஸ் என்ற பகுதி இருக்கிறது. 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலைச் சுற்றி நம் மக்கள் வாழ்ந்த இடம். அங்குள்ள இந்தோனேசியத் தமிழர் தம் பெயரில் ‘ஹாக் மிலிக்’ என்னும் முழு உரிமை பெறலாம். வெளிநாட்டவரான நமக்கு 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி அது கிடையாது. காலவரம்புள்ள ‘ஹாக் பக்காய்’ பயன்பாட்டு உரிமைதான் கிடைக்கும். பாலியில் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் முழு உரிமை நிலத்தை வாங்கிப் பின்னால் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வெளிநாட்டவர் பலர். அந்த ஒப்பந்தத்தைச் சட்டம் ஏற்காது, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதாகிவிடும். மலேசியாவிலும் வெளிநாட்டவர் வீடு வாங்க மாநில அரசின் ஒப்புதலும் குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து வேலை பார்க்கும் உறவினருக்காக உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்கு. பண்டமாரானிலும் கிள்ளான் முழுவதிலும், அப்பா இறந்து பல ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் தவணையைக் கட்டி முடித்து, வரியும் கட்டிக்கொண்டு அதில் வாழ்கிறார்கள். அந்த வீட்டை அவர்களால் விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. ஒவ்வொரு வாரிசு இறக்கும்போதும் பங்குதாரர் எண்ணிக்கை கூடி, கையெழுத்து வாங்குவது கடினமாகும். உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பங்கு பிரியும்: இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையெனில் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. நிலமோ வீடோ உள்ள சிறு சொத்துகளுக்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை; மாவட்ட நில அலுவலகத்தின் ‘புசாக்கா கெச்சில்’ பிரிவே விசாரித்துப் பெயர் மாற்றித் தரும். இறப்புச் சான்றிதழ், பட்டா நகல், எல்லா வாரிசுகளின் அடையாள அட்டை நகல்களோடு இந்த மாதமே ஒரு நாள் விடுப்பு எடுத்துக் கிள்ளான் நில அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். அம்மா இருக்கும்போதே போங்கள்.